மேனேஜருக்கு ஒரு மேசை

1.

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கிடைத்தது. முகவாயை ஓர் இயந்திரத்தின் மேல் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தூரத்தில் தெரியும் சிவப்புக் கூரை வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். அந்த நிலையில் மனிதன் தலையாட்டக்கூட முடியாது. கண் சோதிப்பவருக்கு அது தெரியும். அன்று அவர் மனசு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எதிரில் ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எழுதலாமா என்று பிறகு கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா நாயை மட்டும் குறைச்சு எழுதிடாதீங்க. அம்பத்திரண்டு கிலோ."

ஆகவே, ஐம்பத்திரண்டு கிலோ.

கண் சோதிப்பவரை இனி 'தம்பி' என்றே குறிப்பிடுகிறேன். வயது நாற்பத்தேழு, முன்மண்டையில் முடியில்லை. இருந்தாலும் அவருடைய அக்காவுக்கு அவர் தம்பிதான். கதைக்குள் வந்துவிட்டால் தம்பி அவன்தான், அக்கா அவள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாயோ 'அவர்'. காரணம் சீக்கிரமே தெரியும்.

2.

முதல் வரியை நான்கு முறை எழுதினேன்.

'மழை ஓய்ந்த ஒரு மாலையில் தம்பியின் தொலைபேசி' — மழை பெய்யவில்லை. கேட்டுவிட்டேன்.

'நாய்கள் நன்றியுள்ளவை என்று' — வேண்டாம். இதைத் தொடர்ந்தால் பள்ளிக்கூடக் கட்டுரையில் போய் முடியும்.

'அக்காவும் தம்பியும் மனம்விட்டுப் பேசி மூன்று வருடம். சண்டை ஒன்றும் இல்லை. அதுதான்' — இது உண்மை. ஆனால் இங்கேயே சொல்லிவிட்டால் நீங்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். நடந்தது அப்படிப் படிக்கக்கூடிய விஷயமல்ல.

நான்காவது முறை நேராகத் தொலைபேசியை அடிக்கவிட்டேன்.

"சனிக்கிழமை வரேன்டா. மேனேஜரும் வரார்."

அக்கா ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பவள். அச்சகம் என்றிருந்தால் மேனேஜர் என்று ஒருவர் இருக்கத்தானே வேண்டும். தம்பி ஸ்பீக்கரைப் போட்டான். மனைவியும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள்.

"அத்தான் வரலையாக்கா?"

"அவருக்கு வேலை இருக்கு."

(அத்தான் ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. என்ன வேலை என்று தம்பி கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவன் கேட்காததில் எனக்கும் ஒரு லாபம் இருக்கிறது.)

மனைவி தொலைபேசியை வாங்கினாள். "அவருக்குச் சாப்பாடெல்லாம் எப்படி அண்ணி?"

"காலையில அவிச்ச முட்டை ரெண்டு. மத்தபடி எதைப் போட்டாலும் சாப்பிடுவார்."

"உள் ரூமை ஒழிச்சு வெக்கறேன்."

"அதெல்லாம் எதுக்கு. என் கட்டில் பக்கத்துல தரையில படுத்துப்பார்."

மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி ஜன்னலைப் பார்த்தான்.

"கல்யாணம் ஆனவரா அண்ணி?"

"அவருக்கு எங்க கல்யாணம். சின்ன வயசுலயே ஆபரேஷன் பண்ணியாச்சு."

தொலைபேசியை வைத்தார்கள். பிறகு மனைவி, "எதா இருந்தாலும் நம்ம வீட்டுக்கு வரவங்க, மரியாதையா நடந்துக்கணும்" என்றாள். தம்பி நல்ல சட்டை ஒன்றுக்கு இஸ்திரி போட்டான். மேனேஜருக்கென்று ஒரு புதுத் துண்டும் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடிச் செருப்பும் வாங்கி வைத்தார்கள்.

(செருப்பு வரைக்குமா என்று கேட்பீர்கள். ஆமாம். அளவு ஒன்பது. மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை காலை அதில் ஒன்றைத் தின்று முடித்தார்.)

3.

அவர் சாம்பல் நிறம். காதுகள் உலரப்போட்ட கைக்குட்டை மாதிரி இருபுறமும் தொங்கின. வாடகை வண்டியிலிருந்து பின்பக்கமாக இறங்கினார், ஏணியில் இறங்குகிற பெரியவர் மாதிரி.

பெயரை வைத்தது அத்தான். அவர் தம் ஆபீஸ் மேனேஜருக்கு வாழ்நாளெல்லாம் பயந்தவர். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவையாவது 'மேனேஜர், உக்காரு' என்று சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டார். இரண்டு வருடமாகத் தினமும் சொன்னார். நாய் ஒருநாளும் உட்காரவில்லை.

குடியிருப்பின் வாசலில் பலகை. வளர்ப்பு விலங்குகளுக்கு இடமில்லை, விருந்தினர் அதிகபட்சம் மூன்று நாள். காவலாளி பலகையையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நாய் வளர்க்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"நாங்க வளர்க்கலைங்க. அக்காதான் வளர்க்கறாங்க. இங்க விருந்தாளியா வந்திருக்கார்."

காவலாளி நியாயமான மனிதர். சற்று யோசித்து வருகைப் பதிவேட்டைப் பிரித்தார்.

"பேர்?"

"மேனேஜர்."

"உத்தியோகம்?"

தம்பி தடுமாறினான். "அதுவும் அதுதான்."

கையெழுத்துக் கட்டத்தில் மேனேஜர் மூக்கை வைத்தார். ஈரமாக ஒரு வட்டம் விழுந்தது. காவலாளி அதற்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதி, மூன்று நாள் என்று போட்டார்.

4.

அக்கா வந்த அன்றே தட்டுகளை அளவு வாரியாக அடுக்கினாள். தம்பி படித்து முடித்த செய்தித்தாளில் பதினாறு பிழைகளைச் சிவப்பால் வட்டமிட்டாள். தம்பியின் மனைவி பல் கட்டும் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவள் மேனேஜரின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "கடைவாய் எல்லாம் கச்சிதமா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து அவள் நாயின் கட்சி.

ஞாயிறு காலை அக்கா சொன்னாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. வெளிய எங்கயாவது உக்காந்து சாப்பிட்டுட்டே சொல்றேன்."

"இங்கயே சொல்லேன்."

"இங்க சொன்னா நீ குழாயை மூடப் போயிடுவ."

இது அபாண்டம் அல்ல. வீட்டில் பேச்சு கனக்க ஆரம்பித்தால் தம்பி எழுந்துவிடுவான். எங்கோ குழாய் சொட்டுகிறது என்பான். சொட்டாத குழாய்களையும் மூடியிருக்கிறான். உணவகத்தில் அப்படி எழ முடியாது. சாப்பாடு வரும்வரை உட்கார்ந்துதான் ஆகவேண்டும். அக்கா யோசித்துத்தான் கேட்டிருக்கிறாள்.

நாயை வீட்டில் விட்டுப் போகலாமா என்று சோதித்தார்கள். அக்கா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உடனே மேனேஜர் ஊளையிட்டதில் எதிர்வீட்டுக் கதவு, மேல்வீட்டு ஜன்னல், கீழ்வீட்டு ஜன்னல் மூன்றும் திறந்தன. அவரும் வந்தே தீரவேண்டும் என்று முடிவாயிற்று.

5.

முதல் உணவகத்தில் கதவருகே நின்ற பணியாள், "மேனேஜர்கிட்ட கேக்கணும்" என்றார்.

"இவர்கிட்ட என்ன கேக்கணும்?" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து டை கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நாய் முன்னங்கால்களைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "மேனேஜர், உக்காரு" என்றாள் அக்கா, கறாராக.

மெலிந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

நாய் உட்காரவில்லை.

(இந்த இடத்தை வெட்டிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெயரைக் கேட்டதுமே நீங்கள் இதை எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் தம்பி சத்தியம் செய்கிறான். மேலும் அந்த மனிதர் உடனே எழவில்லையாம். "காலையிலேர்ந்து இப்பதாங்க உக்கார்றேன்" என்றாராம். அந்த ஒரு வரிக்காக வைத்துக்கொண்டேன்.)

ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து, டையைச் சரிசெய்துகொண்டு, நாய்க்கு அனுமதி இல்லை என்றார்.

அடுத்து ஏரிக்கரைப் பூங்கா. ரொட்டியும் முட்டையும் கட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். வாசலில் எழுதியிருந்தது: நாய்களுக்கு மாலை ஆறு முதல் ஏழு வரை. உணவு உண்ணப் பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை. நாயும் சாப்பாடும் ஒருக்காலும் சந்தித்துவிடாதபடி யாரோ உட்கார்ந்து யோசித்திருந்தார்கள். கட்டி வாங்கியதை, அங்கேயே வாசலில், மேனேஜர் காகிதத்தோடு சாப்பிட்டார்.

மூன்றாவது இடத்தைத் தம்பியின் மனைவி வீட்டிலிருந்தபடியே தேடி எண்ணை அனுப்பினாள். 'நாய்களை வரவேற்கிறோம்.' தம்பி அழைத்தான்.

"யார் பேர்ல சார் பதியணும்?"

"என் பேரு—"

"நாயோட பேர் சொல்லுங்க."

"மேனேஜர்."

"சாருக்கு ஜன்னல் ஓரம் பிடிக்குமா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தலையசைத்தாள். "பிடிக்கும்."

"சார்கூட எத்தனை பேர் வராங்க?"

அங்கே மேசை முழங்காலுக்கும் கீழே இருந்தது. மேனேஜருக்கு மெத்தை. கூட வந்தவர்களுக்கு முதுகு சாய வழியில்லாத இரண்டு முக்காலிகள். பரிமாறுகிற பெண் மண்டியிட்டு நாயின் முகத்துக்கு நேராகப் பேசினாள். "சார், இன்னைக்கு உப்பில்லாத கோழி இருக்கு. பூசணிக்காய் மசியல் இருக்கு. அவசரமே இல்ல, யோசிச்சு சொல்லுங்க."

"எங்களுக்கு?" என்றான் தம்பி.

"கூட வந்தவங்களுக்குத் தண்ணி தருவோம். ரொம்பப் பசிச்சா பிஸ்கட் இருக்கு." தயங்கினாள். "எலும்பு வடிவத்துல இருக்கும்."

6.

இந்த இடத்துக்கு வந்தபோது அக்காவை எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் அழவைத்தேன். கைக்குட்டை, நடுங்கும் விரல், எல்லாம் கொடுத்தேன். தம்பி படித்துவிட்டு, "அக்கா அழல சார். பிஸ்கட்டைத் தண்ணியில நனைச்சு சாப்பிட்டுட்டே சொன்னா" என்றான். கைக்குட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"நான் அங்க திரும்பிப் போகலடா" என்றாள் அக்கா.

தம்பி எழுந்தான். அதாவது, எழப் பார்த்தான். மேனேஜர் கோழியை முடித்துவிட்டு, இடம் தேடி, அவனுடைய இரண்டு பாதங்களின் மேலும் படுத்திருந்தார். ஐம்பத்திரண்டு கிலோ. எங்கே குழாய் சொட்டினாலும் போக வழியில்லை.

"ரிட்டையர் ஆனதுலேர்ந்து உன் அத்தான் வீட்டை ஆபீஸ் ஆக்கிட்டார். ஃப்ரிட்ஜ்ல ஒரு தாள். ஆறு பத்துக்கு டீ. நான் வெளிய போனா நோட்டுல நேரம் எழுதிட்டுப் போகணும். போன மாசம் மெமோ குடுத்தார்."

"மெமோவா?"

"சூப்புல உப்பு இல்லன்னு. மூணு நாளைக்குள்ள எழுத்துமூலமா விளக்கம் தரணும்னு. தேதி போட்டு, நம்பர் போட்டு. ஏழு பிழை அதுல."

"என்ன பண்ணின?"

"திருத்திக் குடுத்தேன். மறுபடி எழுதிக் குடுத்தார். அதுல பிழை இல்ல. அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் நிறுத்தினான். "கை வெச்சாராக்கா?"

"சேச்சே. வெச்சிருந்தா சொல்றது சுலபமா இருந்திருக்கும். இதை யார்கிட்ட சொன்னாலும் சிரிக்கறாங்க. நீகூட இப்ப சிரிச்ச."

நாய்க்கு அடியில் அவன் கால்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன.

"விளக்கம் குடுத்தியா?"

"ஒரு வரி. நாயைக் கூட்டிட்டுப் போறேன்னு எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டு வந்துட்டேன்." இன்னொரு பிஸ்கட்டை எடுத்தாள். "வர முன்னாடியே பதினாலு வீடு பார்த்தேன். தனியா ஒரு பொம்பளைன்னா யோசிக்கறாங்க. நாய்னு சொன்னா யோசிக்கறதுகூட இல்ல."

தம்பி எதிர்பார்த்த கேள்வியை அவள் கேட்கவில்லை. பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு, "உங்க உள் ரூம் நல்லாக் காத்தோட்டமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"நாளைக்கு மூணாவது நாள்க்கா."

"தெரியும்டா."

7.

அடுத்து வருவதைத் தம்பி என்னிடம் கடைசியாகத்தான் சொன்னான். கண்ணாடியைத் துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து, மூடி, மறுபடி திறந்து துடைத்துக்கொண்டே சொன்னான்.

வாசல் பலகையில் இருக்கும் விதியை எழுதியது அவன்தான்.

ஏழு வருடத்துக்கு முன் குடியிருப்புக்கு அவன் செயலாளர். கீழ்வீட்டுக்காரர் ஒரு பழுப்பு நாய் வைத்திருந்தார். காலை ஐந்து மணிக்குக் குரைக்கும். கீழ்வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், பெரிய கைகள், தனி ஆள். அவரிடம் நேரில் போய்ச் சொல்லத் தம்பிக்குச் சங்கடமாக இருந்தது. விதி எழுதுவது சுலபமாக இருந்தது. கூட்டம் போட்டார்கள், நிறைவேற்றினார்கள். அவர் நாயை யாரோ ஒரு பண்ணைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெறும் சங்கிலியோடு திரும்பி வந்ததைத் தம்பி மாடியிலிருந்து பார்த்தான். அதற்குப் பிறகு அவர் தம்பியோடு பேசியதில்லை. படிக்கிற கண்ணாடிக்குக்கூட இரண்டு தெரு தாண்டி வேறு கடைக்குப் போகிறார்.

ஞாயிறு மாலை அக்காவிடம் இதைச் சொன்னான். எழுந்து போகாமல் சொன்னான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "பலகையைப் பார்த்தவுடனேயே தெரிஞ்சுது. நாலு இடத்துல ஒற்று விட்டிருக்க. சின்ன வயசுலேர்ந்தே உனக்கு ஒற்று வராது."

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று: குடியிருப்புச் சங்கம் மனம் மாறி, மேனேஜருக்கு மாலை போட்டு — கிழித்துவிட்டேன். எந்தச் சங்கமும் எந்த நாட்டிலும் இப்படி மாறியதில்லை.

இரண்டு: அத்தான் வந்து நிற்கிறார். உண்மையில் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஒரு கடிதம்தான் வந்தது. 'தங்கள் விடுப்பு பரிசீலனையில் உள்ளது.' அக்கா அதைப் படித்தாள், பிழை தேடினாள், இல்லை. மேனேஜர் பக்கம் நீட்டினாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். செருப்பையே தின்றவர்.

மூன்று: அக்கா திரும்பிப் போய்விடுகிறாள், ஏனெனில் — இதை வாக்கியத்தின் பாதியிலேயே விட்டுவிட்டேன். 'ஏனெனில்'லுக்குப் பின்னால் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

8.

தம்பி கேட்டுக்கொண்டபடி, திங்கள் மாலை ஆறு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். ஒன்பது வீடு, ஒன்பது வோட்டு, ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி. இப்போதைய செயலாளர் முன்பு விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். எதைச் சொன்னாலும் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிச் சொல்வார். "நாய் கூடாது என்ற விதிக்கு ஆதரவானவர்கள் இந்தப் பக்கம், மாற்றம் வேண்டுபவர்கள் அந்தப் பக்கம்" என்று காட்டியபோது சிலர் பழக்கதோஷத்தில் அவசர வழியைத் தேடினார்கள்.

முதலில் பேசியது இரண்டாம் மாடி மருந்துக்கடைக்காரர். நாய் இதுவரை என்ன தொந்தரவு செய்தது என்று கேட்டார். ஓர் ஊளை என்றார்கள். அது குளியலறை விஷயம் என்று தம்பியின் மனைவி விளக்கினாள். பதிவேட்டில் இருந்த மூக்குக் கையெழுத்து செல்லுமா என்று பத்து நிமிடம் விவாதித்தார்கள். செல்லும் என்று முடிவாயிற்று.

அக்கா கூட்டத்துக்கு வரவில்லை. நாயை முன்னால் நிறுத்தி இரக்கம் கேட்பது தனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டு, மேனேஜரைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்துகொண்டிருந்தாள்.

தம்பி எழுந்து நின்றான். "இந்த விதியை எழுதினது நான்தான். அப்ப எனக்கு ஒரு நாயையும் தெரியாது. என் தூக்கம் மட்டும்தான் தெரியும். அக்காவுக்குப் போக இடம் இல்ல. நாய் இல்லாம அவ வரமாட்டா. அவ்வளவுதான் விஷயம்."

வோட்டு எடுத்தார்கள். மாற்றத்துக்கு ஆதரவு நாலு. எதிர்ப்பு நாலு. கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவையும் கை தூக்கவில்லை.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் தம்பியை மட்டும் பார்த்தார்.

"அன்னைக்கு என் நாய்க்கு யாரு கை தூக்கினீங்க?"

தம்பியைத் தவிர மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"யாரும் தூக்கல" என்றான் தம்பி. "உங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பயந்துட்டு விதியா எழுதிட்டேன். இன்னிக்கும் படி இறங்கும்போது உங்க கதவைப் பாக்காமதான் இறங்கறேன்."

"அது பேர் என்னன்னு தெரியுமா?"

"தெரியாது."

கீழ்வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். தம்பி அந்தப் பெயரை என்னிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அது எங்கிட்ட சொன்னது சார்" என்றான்.

"கடைசி வோட்டு" என்றார் செயலாளர். இந்த முறை கைகளை நீட்டவில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று தம்பி சொன்னான். எனக்குத் தெரியும். அதை எழுதியும் வைத்திருந்தேன், ஒரே பத்திதான். படித்துப் பார்த்தபோது, கை தூக்கிய கீழ்வீட்டுக்காரர் மகானாகத் தெரிந்தார். தூக்காதவராக மாற்றி எழுதினேன், கல்நெஞ்சக்காரராகத் தெரிந்தார். அவர் இரண்டும் இல்லை. நாயைக் கொடுத்துவிட்டு வெறும் சங்கிலியோடு வீடு திரும்பிய மனிதர். அவருக்காக ஒரு கையைத் தூக்கவோ தாழ்த்தவோ எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பத்தியை எடுத்துவிட்டேன்.

ஆகவே நீங்கள் வந்து அந்த ஒன்பதாவது நாற்காலியில் உட்காருங்கள். பார்த்து, ஒரு கால் கொஞ்சம் ஆடும். எதிரே நிற்கிறவன் உங்கள் நாயை இல்லாமல் செய்தவன். இப்போதுதான் முதன்முறையாக உங்கள் முகத்தைப் பார்க்கிறான். வாசலுக்கு வெளியே ஒரு பெண் நாயோடு போகிறாள், திரும்பி வருகிறாள், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. செயலாளரையும் சேர்த்து எட்டு வீட்டாரும் காத்திருக்கிறார்கள். யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள்.

உங்கள் கை இப்போது முழங்காலின் மேல் இருக்கிறது.